லாவோ, லாவாஸ், லாவா

திருப்பூரில் ஊத்துக்குளி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்த வேலாத்தாள் நிட்ஸ் கம்பெனி வாசலில், அந்த வருஷம் ஆடி மாசம் தொடங்கித் தை மாசம் வரைக்கும், தினமும் காலை எட்டரை மணிக்கு அழுக்குத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள். கோகிலவாணி ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வந்து ஸ்பானிஷ் மொழியில் ஒரே ஒரு வினைச்சொல்லைக் காலத்துக்குக் காலம் மாற்றி மாற்றிச் சொல்வாள், துணியில் இருந்த கறை போய்விடும், ஜனங்கள் துணியை உதறிப் பார்த்து மடித்துக்கொண்டு அவரவர் வேலைக்குப் போவார்கள். இதில் வாயைப் பிளக்க என்ன இருக்கிறது என்றுதான் அந்த ஏரியாவில் எல்லோரும் கேட்டார்கள். ஊரில் பாதிப் பேர் துணிக்குச் சாயம் ஏற்றிப் பிழைக்கிறவர்கள், ஏற்றுவதற்கு ஒரு வழி இருந்தால் இறக்குவதற்கும் ஒரு வழி இருக்கும்தானே என்று டீக்கடையில் பேசி முடித்துவிட்டார்கள். அந்த வரிசையைப் பார்த்து வெட்கப்பட்டது ஒரே ஒரு ஆள், அது கோகிலவாணி.

அவளுக்குத் தெரிந்த ஸ்பானிஷே அந்த ஒரு சொல்தான். தாராபுரத்தில் பி.காம். முடித்துவிட்டுச் சும்மா இருந்த காலத்தில் கோயம்புத்தூரில் ஒரு வகுப்பில் சேர்ந்தாள். சொல்லிக்கொடுத்த மிராந்தா மாஸ்டர் தூத்துக்குடிக்காரர், கப்பலில் இருபது வருஷம் சலவைப் பிரிவில் இருந்தவர், அதனால் ‘லவார்’ என்ற சொல்லில் தொடங்கினார், கழுவுவது என்று அர்த்தம். சொன்ன பேச்சைக் கேட்கிற சொல், முரண்டு பிடிக்காது, இதை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டால் இதே மாதிரி ஆயிரம் சொல் பின்னாலேயே வரும் என்று சொல்லி, பத்து நாளும் அதையே உருப்போட வைத்தார். நான் கழுவுகிறேன் லாவோ, நீ கழுவுகிறாய் லாவாஸ், அவள் கழுவுகிறாள் லாவா. பிறகு நேற்றுக் கழுவியது, அந்தக் காலத்தில் தினமும் கழுவிக்கொண்டிருந்தது, நாளைக்குக் கழுவப்போவது, முடிந்தால் கழுவியிருக்கக்கூடியது, கழுவட்டும் என்று ஆசைப்படுவது, கடைசியில் கழுவு என்று கட்டளை போடுவது. கட்டளையில் மட்டும் அட்டவணையில் ‘நான்’ என்ற கட்டம் காலியாக இருக்கும், தனக்குத் தானே யாரும் கட்டளை போட்டுக்கொள்ள முடியாது, அதைத் தாண்டிப் போ என்பார். பதினோராம் நாள் போனால் வகுப்பில் பூட்டுத் தொங்கியது, மாஸ்டர் மறுபடி கப்பலேறிவிட்டார், ஆயிரம் சொல்லும் பின்னால் வரவேயில்லை.

ஆனால் வேலைக்கு எழுதிப் போட்ட காகிதத்தில் ஸ்பானிஷ் தெரியும் என்று போட்டுவிட்டாள். கம்பெனி முதலாளி நாச்சிமுத்து அதைப் பார்த்துவிட்டு, எங்கே அம்மிணி, ஏதாச்சும் பேசுங்க கேட்கலாம் என்றார். அவளும் கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விடாமல் லவாரின் எல்லாக் காலத்தையும் ஒப்பித்தாள். அவருக்கு ஒரு எழுத்துப் புரியவில்லை, அதனாலேயே மனுஷனுக்கு அவ்வளவு சந்தோஷம், பேக்கிங் செக்‌ஷன் ஆட்களைக் கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அன்றைக்கு அவள் ஸ்பானிஷ் மேடம் ஆனாள். ஸ்பெயினிலிருந்து வருகிற கடிதங்களை யாரும் பார்க்காதபோது போனில் காட்டி மொழிபெயர்த்துக்கொண்டு மூன்று வருஷம் ஓட்டினாள், ஒரு குறையும் வரவில்லை.

குறை வந்தது பெண்குழந்தைகள் கவுனில். சிவப்புக் கவுன், வெள்ளைக் காலர், பதினெட்டாயிரம் உருப்படி. ஒரு ஆர்டருக்கு எந்தப் பட்டன், எந்த நூல், எந்த லேபிள் என்று அட்டையில் ஒட்டிக் கையெழுத்துப் போட்டுத் தையல் செக்‌ஷனுக்குக் கொடுப்பார்கள், ட்ரிம் கார்டு என்பார்கள், அதில் என்ன இருக்கிறதோ அதைத்தான் தைக்க வேண்டும். அன்றைக்கு மேஜைமேல் இரண்டு லேபிள் சுருள் இருந்தன, இரண்டும் வெள்ளை ரிப்பன், இரண்டிலும் ஸ்பானிஷ். ஒன்றில் குளிர்ந்த தண்ணீரில் தனியாகத் துவைக்கவும் என்றும் இன்னொன்றில் வெந்நீரில் துவைக்கலாம் என்றும் இருந்ததெல்லாம் பிற்பாடு தெரிந்தது. போனை எடுத்துக் காட்டினால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் சுற்றி எட்டுப் பேர் நின்றுகொண்டு, மேடம் படிக்கிறாங்க என்று வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் பையிலிருந்து போனை எடுக்க அவளுக்கு மானக்கேடாக இருந்தது. உதட்டை அசைத்துப் படிப்பதுபோல் பாவனை பண்ணி, தலையை ஆட்டி, கைக்கு வந்த லேபிளை ஒட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

ஸ்பெயினில் லேபிளை நம்பி வெந்நீரில் போட்டதில் சிவப்புச் சாயம் இறங்கி, வீடு வீடாக வெள்ளைக் காலர் ரோஸ் ஆனது. கம்பெனியில் விசாரணை வைத்தார்கள். லேபிள் தைத்தது முத்துப்பேச்சி, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து தனியாளாக வந்து லைன் வீட்டில் இருந்தவள், கோகிலவாணியைவிட நாலைந்து வயது மூத்தவள், ஒன்பது வருஷம் அதே மெஷினில் உட்கார்ந்தவள். அட்டையில் இருந்ததைத்தான் தைத்தேன் என்றாள். அட்டை எங்கே என்றார்கள். அட்டை இல்லை. முந்தின நாள் சாயங்காலமே கோகிலவாணி அதை எடுத்துக் கைப்பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோய், பீரோ தட்டில் விரித்திருந்த காகிதத்துக்கு அடியில் செருகிவிட்டாள். முத்துப்பேச்சி ஒரே ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்தாள். கோகிலவாணி தரையில் டைல்ஸ் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முத்துப்பேச்சி நூல் வெட்டும் கத்தரியை மேஜைமேல் வைத்துவிட்டுச் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

அதற்கு மூன்றாவது வாரம், ஆடி மாசம், பேங்க் அதிகாரிகள் வருகிற அன்றைக்கு, நாச்சிமுத்து தன் வெள்ளைச் சட்டைமேல் டீயைக் கொட்டிக்கொண்டு மூன்று விரலால் தேய்த்து இன்னும் பெரிதாக்கினார். மாற்றுச் சட்டை இல்லை, வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டது. எரிச்சலைக் கிண்டலாக்கி, அம்மிணி, நீங்க ஏதோ கழுவறதுன்னு சொல்லுவீங்களே, அதையாச்சும் சொல்லுங்க என்றார். அவளும் பயத்தில் சொன்னாள். லாவோ என்றாள், கறை இருந்தது. லாவாஸ் என்றாள், இருந்தது. லாவா என்றாள், சட்டை பளிச்சென்று ஆனது. நாச்சிமுத்து குனிந்து பார்த்தார், மேல்பட்டனைப் போட்டார், அதிகாரிகளை வரவேற்கப் போய்விட்டார். சாயங்காலம்தான், படிச்ச படிப்பு ஒரு நாளைக்கு உதவத்தாங்க செய்யுது என்று கணக்குப்பிள்ளையிடம் சொன்னார்.

மறுநாள் கட்டிங் மாஸ்டர் மெஷின் எண்ணெய் பட்ட பேன்ட்டைக் கொண்டுவந்தார். செக்கிங் செக்‌ஷன் சரசாத்தாள் மகள் கல்யாணப் பட்டில் மஞ்சள் கொட்டியதைக் கொண்டுவந்தாள், அது போன வைகாசிக் கறை, லாவாவுக்கு மசியவில்லை, போன காலத்துக்குப் போய் லவோ என்றதும் மசிந்தது. ஒரு மாசத்துக்குள் அந்த ரோட்டில் எல்லோரும் காலங்களைக் கரைத்துக் குடித்துவிட்டார்கள். திடீரென்று கொட்டியதற்கு லாவா, என்றைக்கோ ஒரு நாள் பட்டதற்கு லவோ, வருஷக்கணக்காகக் காலரில் ஏறிய அழுக்குக்கும் சாயப்பட்டறைக்காரர்களின் நகக்கண் நீலத்துக்கும் லவாபா. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அம்மாக்கள் திங்கட்கிழமை வந்து, மேடம், லவரா சொல்லிவிடுங்க என்று எதிர்காலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள், வெள்ளி வரைக்கும் யூனிஃபார்மில் மை ஒட்டாது. இஸ்திரி வண்டி துரையரசன் ‘இங்கு ஸ்பானிஷ் வாஷ் துணி தேய்த்துத் தரப்படும்’ என்று அட்டை எழுதித் தொங்கவிட்டார். வார்டு தேர்தல் வந்தபோது இரண்டு கட்சிக்காரர்களும் வேட்டியோடு வந்து, எதிர்க்கட்சிக்காரனுக்குச் சொன்னதைவிட ஒரு காலம் கூடச் சொல்லுங்கள் என்று சண்டை பிடித்தார்கள்.

எந்தக் காலமாக இருந்தாலும் கறை மூன்றாவது சொல்லில்தான் போகிறது என்பதையும் கவனித்திருந்தார்கள். முதல் இரண்டும் சும்மா, மெஷினை ஓட்டிப் பார்க்கிற மாதிரி என்று துரையரசன் விளக்கம் கொடுத்தார், எல்லோருக்கும் அது போதுமாக இருந்தது. கோகிலவாணிக்கு மட்டும் தெரியும், முதலாவது நான், இரண்டாவது நீ, மூன்றாவது அவள். எங்கேயோ ஒரு ‘அவள்’ கழுவுகிறாள். அது யார் என்று நினைக்கப் போனால் பீரோத் தட்டு ஞாபகம் வரும், உடனே அடுத்த ஆள் துணியை வாங்கிக்கொள்வாள்.

ஐப்பசியில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சரசாத்தாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள், நம்ம முத்துப்பேச்சி வீட்டில் என்னவோ தெரியவில்லை, எங்கிருந்துதான் வருகிறதோ, துணியெல்லாம் கறையாக வருகிறதாம், துவைத்துக் காயப்போட்டு எடுப்பதற்குள் வேறு கறை வந்துவிடுகிறதாம் என்று. கோகிலவாணி சாப்பாட்டு டப்பாவைப் பாதியிலேயே மூடிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பகலில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

பத்து வீடு ஒரே கூரையில் இருந்த லைன், கடைசியில் துவைக்கிற கல், கல்லுக்கு முன்னால் முத்துப்பேச்சி. லைன்காரர்கள் அந்த விஷயத்தை அவர்கள் பங்குக்குச் சீரணித்திருந்தார்கள்: கொடிக்கயிற்றைத் தள்ளிக் கட்டிக்கொண்டார்கள், குழாயில் அவளுக்குக் கடைசி முறை என்று வைத்தார்கள், பிறகு பாவமே என்று கல்லை முழுசாக அவளுக்கே விட்டுவிட்டார்கள். ஆறு கம்பெனியில் வேலை கேட்டுப் போயிருக்கிறாள். கட்டிக்கொண்டு கிளம்பும்போது சுத்தமாக இருக்கிற சேலையில் கேட்டைத் தாண்டுவதற்குள் குழம்பும் மையும் எண்ணெயும் ஏறிவிடும், ஆள் எடுக்கிறவர்கள் ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஆள் எடுத்தாகிவிட்டது என்பார்கள். இதையெல்லாம் முத்துப்பேச்சி யார்மேலும் பழி போடாமல், துவைத்துக்கொண்டே சொன்னாள். சலவைச் சோடாவில் ஊறி ஊறி அவள் விரல் நுனிகள் வெடித்திருந்தன. அவள் முந்தானையில் ஒரு டீக்கறை இருந்தது, மூன்று விரலால் தேய்த்த டீக்கறை. பக்கத்தில் மஞ்சள், கீழே நீலச் சாயம், கொசுவத்தில் பள்ளிக்கூடத்து மை. ஒவ்வொன்றையும் கோகிலவாணிக்கு அடையாளம் தெரிந்தது, ஒவ்வொன்றுக்கும் அவள்தானே நின்று சொன்னாள். முத்துப்பேச்சி கையைத் துடைத்துவிட்டு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தேன் அக்கா என்று சொல்லிவிட்டுக் கோகிலவாணி அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுத் திரும்பினாள். அந்தத் தண்ணீரைக் குடித்ததை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் காது சுடும்.

திங்கட்கிழமை நாச்சிமுத்துவிடம் பாதியைச் சொன்னாள்: கறைகள் எங்கே போகின்றன என்பதைச் சொன்னாள், அட்டையைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டு யோசித்தார். “எங்கியோ ஓரெடத்துக்குப் போய்த்தானுங்க ஆகோணும். சாயத்தண்ணி எங்க போகுதுன்னு நாம என்னைக்காச்சும் கேட்டமா?” என்றார். இருந்தாலும் கல்நெஞ்சுக்காரர் இல்லை, முத்துப்பேச்சிக்கு ஒரு பெட்டி சோப்பு அனுப்பினார். சேதி வரிசைக்கும் பரவியது. ஐயோ பாவம் என்றார்கள், வாசலில் ஒரு அட்டைப்பெட்டி வைத்தார்கள், துணி கொண்டுவருகிறவர்கள் தங்களால் ஆன சோப்பையோ பவுடரையோ அதில் போட்டுவிட்டு நின்றார்கள். நமக்காக ஒருத்தி கஷ்டப்படுகிறாள் என்று தெரிந்தபிறகு மரியாதையாக நின்றார்கள், வரிசையில் சளசளப்பு குறைந்தது. வரிசை மட்டும் குறையவில்லை, முன்னைவிட நீண்டது, சோப்புப் போட்டாகிவிட்டதே என்று மனசு லேசாகி வீட்டுத் திரைச்சீலை, தலையணை உறை என்று எல்லாவற்றையும் கொண்டுவந்தார்கள். கோகிலவாணி கார்த்திகை முழுக்கச் சொன்னாள், மார்கழி முழுக்கச் சொன்னாள். கூனிக் குறுகித்தான் சொன்னாள், ஆனால் சொன்னாள். லாவா என்று சொல்லும்போதெல்லாம் வெடித்த விரல் நுனிகள் கண்ணுக்கு வரும், சொல்லி முடித்ததும் நன்றி மேடம் என்பார்கள், அவள் தலையை ஆட்டுவாள்.

தை பிறந்ததும், ஸ்பெயினிலிருந்து மார்த்தா என்கிற அம்மாள் நேரில் வருகிறார், கவுன் தகராறை மறந்து புது ஆர்டர் தரப்போகிறார், வந்ததும் நம் ஸ்பானிஷ் மேடம் அவர் முன்னால் கழுவிக் காட்ட வேண்டும் என்று முடிவானது. அதற்கு முந்தின நாள் கோகிலவாணி பீரோத் தட்டுக் காகிதத்தைத் தூக்கினாள். அட்டை அப்படியே இருந்தது, லேபிள் வெள்ளையாக இருந்தது, கையெழுத்து மங்கக்கூட இல்லை. எடுத்துக்கொண்டு லைன் வீட்டுக்குப் போய், கல்லுக்குப் பக்கத்தில் நின்று, நீட்டினாள்.

முத்துப்பேச்சி ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இதுல என்ன எழுதியிருக்கு மேடம்?”

“அன்னைக்குத் தெரியாதுக்கா. எனக்கு ஸ்பானிஷ் படிக்கத் தெரியாது.”

“படிக்கத் தெரியாமயா கையெழுத்துப் போட்டீங்க?”

“ஆமாங்கக்கா.”

முத்துப்பேச்சி அட்டையில் ஒட்டியிருந்த லேபிளை விரலால் நீவினாள். “நானும் படிக்கத் தெரியாமத்தான் தச்சேன்” என்றாள்.

அதற்குமேல் கோகிலவாணியால் நிற்க முடியவில்லை, ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். முத்துப்பேச்சி ஊறவைத்த துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வந்தாள். அட்டையைத் திருப்பி அவள் கையில் கொடுத்தாள். “இத எங்கிட்ட காட்டி என்ன செய்ய? எனக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. தெரியாதவங்ககிட்டப் போய்க் காட்டுங்க.”

மறுநாள் கம்பெனி முற்றத்தில் நாற்காலி போட்டு மார்த்தா உட்கார்ந்தார், பக்கத்தில் நாச்சிமுத்து, எதிரில் தையல், கட்டிங், பேக்கிங் என்று மொத்தக் கம்பெனியும், வாசலோடு வரிசை ஜனங்களும். கோகிலவாணி தன்னிடம் இருந்ததிலேயே வெளிறிய சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள், சந்தன நிறம். நாச்சிமுத்து காபிக் கறை பட்ட ஒரு துண்டை நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை. யோ லாவோ என்றாள், யோ என்றால் நான், நான் கழுவுகிறேன். சொல்லிவிட்டு இரண்டாவது சொல்லுக்குப் போகாமல் நின்றாள். அவள் முந்தானையில் மூன்று விரலால் தேய்த்த ஒரு டீக்கறை எழும்பி வந்தது.

யோ லவே என்றாள், கல்யாண மஞ்சள் வந்தது. யோ லவாபா என்றாள், சாயப்பட்டறை நீலமும் காலர் அழுக்கும் மெஷின் எண்ணெயும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. யோ லவரே, நான் கழுவுவேன், அந்த ஊர்ப் பிள்ளைகள் இன்னும் சிந்தாத மையெல்லாம் வந்தது. யோ லவரியா என்று, கழுவியிருக்கலாம் என்கிற சொல்லைச் சொன்னாள், அதற்குக் கறை ஒன்றும் வரவில்லை. நான் கழுவ வேண்டுமே என்று ஆசைப்படுகிற காலத்தையும் சொன்னாள். ஜனங்கள் கழுத்தை நீட்டி, அது என்னோட குழம்பு, இது எங்க வீட்டுத் திரைச்சீலை என்று அவரவர் கறையைப் பார்த்துக்கொண்டார்கள், பிறகு ஒவ்வொருவராகக் கண்ணை வேறு பக்கம் திருப்பினார்கள். கடைசியில் கட்டளைக்கு வந்தாள். அங்கே நான் என்கிற கட்டம் காலி. அந்த இடத்தில் கைப்பையைத் திறந்து ட்ரிம் கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

லேபிளை ஒட்டியது நான், கையெழுத்து என்னுடையது, அட்டையை ஒளித்தது நான், முத்துப்பேச்சியக்கா அட்டையில் இருந்ததைத்தான் தைத்தார் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். பக்கத்தில் இருந்தவர் ஆங்கிலத்தில் சொல்லக் கேட்ட மார்த்தா எழுந்து வந்து, அவள் தோளைத் தொட்டு, நிதானமாக, நீளமாக, ஸ்பானிஷில் ஏதோ கேட்டார். கோபமா ஆறுதலா என்றுகூடக் கோகிலவாணிக்குத் தெரியவில்லை. “எனக்குப் புரியலைங்க. எனக்கு இந்த ஒரு சொல்லுக்குமேல தெரியாது” என்று தமிழில் சொன்னாள். நாச்சிமுத்து தன் சட்டையைத் தானே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார்.

முத்துப்பேச்சியைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள், மார்த்தா அதில் பிடிவாதமாக நின்றார். கோகிலவாணியை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வரிசை வந்து நின்றது, மேடம் இனி வரமாட்டார் என்றதும் கலைந்தது. அட்டைப்பெட்டியில் மிச்சம் கிடந்த சோப்பில் அவரவர் போட்டது எது என்று தேடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்த் துவைத்தார்கள், இதிலும் யாரும் ஆச்சரியப்படவில்லை. துரையரசன் அட்டையைக் கழற்றிவிட்டார்.

கறைகள் கோகிலவாணியோடு தங்கிவிட்டன. எந்தச் சேலையைக் கட்டினாலும் அதில் ஏறிக்கொண்டன, அதோடுதான் கடைத்தெருவுக்குப் போனாள், அதோடுதான் வேலை கேட்டும் போனாள், இந்தத் தடவை ஸ்பானிஷ் தெரியும் என்று எழுதாமல். மாசி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் வாடகை வீட்டுக்குப் பின்னால் துவைத்துக்கொண்டிருந்தபோது முத்துப்பேச்சி வந்து நின்றாள். வெளுத்த சேலை கட்டியிருந்தாள், விரல் நுனிகள் ஆறியிருந்தன. முத்துப்பேச்சி அவளாகவே படியில் உட்கார்ந்து, கல்லில் விரித்திருந்த சேலையைப் பார்த்தாள், நெடுநாள் கூட இருந்தவர்களைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

“இது மை. எலுமிச்சம்பழம் தேச்சு வெயில்ல போட்டா ரெண்டு நாள்ல போகும். இந்த நீலம் பத்து நாள் இழுக்கும், விடாதீங்க. எண்ணெய்க்குச் சீயக்காய் போடுங்க.” ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டே வந்தவள் முந்தானையில் நின்றாள். மூன்று விரலால் தேய்த்த டீக்கறையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடி கல்லில் வைத்தாள்.

“இது மட்டும் போகாது மேடம். நானும் ஆறு மாசம் தேச்சுப் பாத்துட்டேன்.”